ஏழு இலக்குகளா, ஒற்றை இலக்கா? ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தலைமை ஏற்ற மூன்று நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவைக்கு 6 மாதத்துக்கு ஒரு நாடு தலைமை ஏற்கிறது. தன் முறை வரும்போது அந்த நாடு ஒரு முன்னுரிமைப் பட்டியலை வெளியிடும். 2024 ஜூலை தொடங்கி 2025 டிசம்பர் வரை ஹங்கேரி, போலந்து, டென்மார்க் என்று அடுத்தடுத்து வந்த பட்டியல்களை அருகருகே வைத்துப் படித்தால், எந்த மாதிரிப் பட்டியல் காரியம் சாதிக்கிறது என்பது நன்றாகவே புரிகிறது.

தலைமை நாட்டால் புதிய சட்டத்தை முன்மொழிய முடியாது. அது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் வேலை. ஒன்றியத்தின் விதிகளை மாற்றியமைத்த லிஸ்பன் உடன்படிக்கை 2009இல் நடைமுறைக்கு வந்தபின், உச்சி மாநாட்டுக்கும் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கும் தனித் தலைவர்கள் வந்துவிட்டார்கள். எந்தக் கோப்பை எப்போது விவாதத்துக்கு எடுப்பது, 27 நாடுகளையும் எந்தச் சமரசத்தில் நிறுத்துவது, அதை வைத்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு எப்படிப் பேசுவது என்பவைதான் தலைமை நாட்டின் கையில் மிஞ்சியிருப்பவை. இந்த அளவுக்குள் யார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே நியாயம்.

ஹங்கேரி ஏழு முன்னுரிமைகளை அறிவித்தது: போட்டித்திறன், பாதுகாப்பு, தகுதி அடிப்படையிலான விரிவாக்கம் (புதிய நாடுகளை ஒன்றியத்தில் சேர்ப்பது), சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுப்பது, பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி, விவசாயிகளை மையமாகக் கொண்ட வேளாண் கொள்கை, மக்கள்தொகைச் சரிவு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் தவறில்லை. ஆனால் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே பிரதமர் ஓர்பான் மாஸ்கோவுக்குப் போனார், அடுத்து பெய்ஜிங். ஒன்றியத்தின் சார்பில் பேச அவருக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. விளைவு, ஹங்கேரியில் நடந்த முறைசாரா அமைச்சர் கூட்டங்களுக்கு தன் உறுப்பினர்களான ஆணையர்களுக்குப் பதில் அதிகாரிகளை அனுப்ப ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. நடுவராக இருக்க வேண்டியவர் மீது நம்பிக்கை போய்விட்டால் பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

இருந்தும் ஹங்கேரிக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2007 முதல் ஒன்றியத்தில் உறுப்பினர்கள். எல்லைச் சோதனை இல்லாமல் நாடுகளுக்கிடையே பயணிக்கக்கூடிய ஷெங்கன் பகுதியில் அவற்றை முழுமையாகச் சேர்ப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தடையாக நின்றது ஆஸ்திரியா. 2024 டிசம்பரில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைச் சோதனைகளும் நீங்கின. மாஸ்கோ பயணம் கிளப்பிய பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. சந்தடியில்லாமல் உட்கார்ந்து பேசியதால் கிடைத்த பலன் இது.

போலந்து நேர் எதிர் வழியில் போனது. ‘பாதுகாப்பு, ஐரோப்பா!’ என்ற முழக்கத்தின் கீழ் ராணுவம், எல்லை, தகவல், பொருளாதாரம், எரிசக்தி, உணவு, சுகாதாரம் எல்லாவற்றையும் பாதுகாப்பின் முகங்களாகவே காட்டியது. உக்ரைன் போரைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கும் நாட்டுக்கு இது இயல்பான தேர்வு. ராணுவக் கொள்முதலுக்காக 150 பில்லியன் யூரோ வரை கடன் தரும் சேஃப் திட்டம் 2025 மே மாதம் நிறைவேறியது. மார்ச்சில் முன்மொழியப்பட்ட திட்டம் மே மாதத்தில் கைக்கு வருவது, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் அபூர்வம்.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒன்றிய உடன்படிக்கையின் அவசரகாலப் பிரிவான 122ஐப் பயன்படுத்தியதால் நாடாளுமன்றத்துக்கு அதில் வாக்கு இல்லாமல் போனது. அதை எதிர்த்து நாடாளுமன்றம் நீதிமன்றப் படி ஏறியது. பாதுகாப்பு என்று பெயர் சூட்டிவிட்டால் விவாதத்தைச் சுருக்கிவிடலாம் என்ற பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. உணவையும் மருந்தையும் அதே கூரைக்குக் கீழ் கொண்டுவந்ததில், எது உண்மையிலேயே அவசரம் என்ற வேறுபாடும் மங்கிப்போனது.

விரிவாக்கத்தில் இரு நாடுகளுக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூர்மையானது. ஒன்றியத்தில் சேர விரும்பும் நாட்டோடு பேச்சு தொகுதி தொகுதியாக நடக்கும்; அல்பேனியாவுக்கான முதல் தொகுதி ஹங்கேரியின் தலைமையில் 2024 அக்டோபரில் திறந்தது. உக்ரைனுக்கும் ஒரு தொகுதியைத் திறந்துவிட வேண்டும் என்று போலந்து முயன்றது. ஹங்கேரியின் வீட்டோ அதை நிறுத்தியது. ஒருமித்த சம்மதம் தேவைப்படும் விஷயத்தை முன்னுரிமை என்று அறிவிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அங்கே எதுவும் அசையாது.

மூன்றில் என் தேர்வு டென்மார்க். பாதுகாப்பான ஐரோப்பா, போட்டித்திறனும் பசுமையும் உள்ள ஐரோப்பா என்று இரண்டே தலைப்புகள். 2040க்குள் பசுமை இல்ல வாயுக்களை 1990இன் அளவிலிருந்து 90 சதவீதம் குறைக்கும் இலக்கை, விடிய விடிய நடந்த பேச்சுக்குப் பிறகு 2025 நவம்பரில் அமைச்சர்கள் ஏற்றார்கள். அதில் 5 சதவீதப் புள்ளிகள் வரை வெளிநாட்டுக் கார்பன் வரவுகளால் (வேறு நாடுகளில் நடக்கும் உமிழ்வுக் குறைப்பைக் காசு கொடுத்துத் தன் கணக்கில் சேர்ப்பது) ஈடுகட்டலாம் என்ற சலுகை எனக்கு உவப்பில்லை. இலக்கையே அது தளர்த்திவிடுகிறது. ஆனாலும் போலந்தும் ஹங்கேரியும் எதிர்த்து வாக்களித்தபோதும் தகுதிப் பெரும்பான்மை திரண்டது. குறைந்தது 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகையின் ஆதரவு என்ற அந்தத் தகுதிப் பெரும்பான்மைக் கணக்குக்குள் முடிக்கக்கூடிய வேலையை டென்மார்க் தேர்ந்தெடுத்து, கடைசி இரவு வரை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.