சாந்திவனம், தண்ணீர்பள்ளி: தாழ்ச்சி தேடிப் போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

குளித்தலை பக்கத்துல தண்ணீர்பள்ளில காவிரிக்கரை ஓரமா இருக்குற சாந்திவனம்ங்கற கத்தோலிக்க ஆசிரமத்தப் பத்தி ஆன்லைன்ல பாத்தா "அமைதியான இடம், தென்னந்தோப்பு, தியானத்துக்கு சூப்பர்"னு எழுதிட்டு முடிச்சுடறாங்க. அது எல்லாம் உண்மைதான். நான் போனது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல, தாழ்ச்சிங்கற, அதாவது பணிவுங்கற ஒரே ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டு, அதனால அந்தக் கண்ணோட பாத்தத மட்டும் எழுதறேன்.

தாழ்ச்சி பத்தி பிரசங்கம் நம்ம பங்குக் கோயில்ல வருசம் பூரா கேக்கறோம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்னிக்கு சாமியார் மக்களோட பாதம் கழுவறத பாத்து கண்ணு கலங்குது. ஆனா மறுநாள்ல இருந்து அத எப்படிப் பழகறதுன்னு யாரும் சொல்லித் தரதில்ல. இங்க சொல்லித் தர்றாங்க, அதுவும் பேசாம. காலை சாப்பாடு முடிஞ்சதும் காய் நறுக்கற வேலை, தங்க வந்தவங்களும் உக்காந்து செய்யலாம், யாரும் கட்டாயப்படுத்தல ஆனா உக்காரணும்னு தானா தோணும். தரையில பாய், நடுவுல கூடை, ஆளுக்கு ஒரு கத்தி. எனக்கு எதிர்ல இருந்த ஒரு வயசான வெள்ளக்காரம்மா வாழத்தண்ட வட்ட வட்டமா அரிஞ்சு ஒவ்வொரு தடவையும் அந்த நார விரல்ல சுத்திச் சுத்தி எடுத்தாங்க, அவ்ளோ பொறுமை. அங்க நான் கவனிச்சது, நீங்க என்ன வேலை பாக்கறீங்க, எந்தப் பங்கு, பிள்ளைங்க எங்க செட்டில் ஆயிருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நம்மள யாருன்னு சொல்லிக்கறதுக்கு வழியே இல்லாதப்ப உள்ளுக்குள்ள எவ்ளோ தவிப்பு வருதுன்னு அங்கதான் புரியும். கோயில் ஃபேன் றெக்கையில கூட உபயம்னு பேரு எழுதிப் பாத்தே வளந்தவங்க நாம, அந்தத் தவிப்பு நம்ம எல்லாருக்குமே இருக்கு, அத நேருக்கு நேரா பாக்க வைக்கற இடம் ரொம்பக் கம்மி.

இது சும்மா வேலைக்கு ஆள் பத்தலன்னு வந்த பழக்கம் இல்ல. இங்க இருக்கறவங்க கமால்டோலீஸ் துறவிங்க, பெனடிக்ட் சபையோட ஒரு கிளை, 6-ம் நூற்றாண்டுல புனித ஆசீர்வாதப்பர், அதான் பெனடிக்ட், எழுதி வச்ச ஒழுங்கு நூல்தான் அவங்களுக்கு அடிப்படை. அதுல 7-வது அதிகாரம் முழுக்க தாழ்ச்சிதான், 12 படின்னு பிரிச்சிருப்பாரு. நிறைய பேர் அந்த 12 படியோட நின்னுடறாங்க, என்னக் கேட்டா அதவிட 35-வது அதிகாரத்த முதல்ல படிக்கணும், சமையல் வேலைய வார முறை வச்சு எல்லாரும் மாத்தி மாத்தி செய்யணும், உடம்பு முடியாதவங்க, வேற முக்கிய வேலைல இருக்கறவங்களத் தவிர யாருக்கும் விலக்கு இல்ல, வாரம் முடிக்கறவரும் அடுத்து ஆரம்பிக்கறவரும் சேந்து எல்லாரோட பாதத்தையும் கழுவணும்னு இருக்கு. மடத்துல இருக்கற சட்டி பானைய பீடத்துல வைக்கற பாத்திரம் மாதிரி நெனச்சு கையாளணும்னு 31-ல வருது. 57-வது இன்னும் கண்டிப்பு, ஒருத்தருக்குக் கைத்தொழில் நல்லா வருதுன்னு அவருக்குத் தலைக்கனம் வந்துட்டா அந்த வேலையிலிருந்தே அவர எடுத்துடணுமாம், தாழ்ச்சி வந்தப்புறம் மடாதிபதி சொன்னாதான் திரும்பவும் செய்யலாம். நம்ம பாடகர் குழுவுல, பங்குப் பேரவைல இத நெனச்சுப் பாருங்க!

ஆசிரமத்தோட வரலாறும் ஒரு பாடம்தான். 1950-ல ஆரம்பிச்சது ரெண்டு பிரெஞ்சு சாமியாருங்க, ஜூல் மோன்ஷனென், ஆன்றி லெ சோ. மோன்ஷனென் 1939-லயே வந்து இந்தப் பக்கத்து கிராமங்கள்ல சாதாரண பங்குச் சாமியாரா வேலை பாத்தவரு, பிரான்ஸ்ல இருந்தப்ப பெரிய அறிவாளின்னு பேர் வாங்கின மனுசன். அவரு இருந்த வரைக்கும் கூட சேந்து துறவியா நிலைச்சு தங்க இந்தியர் யாருமே வரல. 1957-ல உடம்பு முடியாம பாரிஸ்ல இறந்துட்டாரு. லெ சோ 1968-ல வடக்க இமயமலைப் பக்கம் போயிட்டாரு, அப்ப கேரளால இருக்கற குரிசுமலை ஆசிரமத்துல இருந்து வந்தவருதான் இங்கிலாந்துத் துறவி பீட் கிரிஃபித்ஸ், அதுக்கப்புறம்தான் உலகம் பூரா இருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவரு, கடைசி வரைக்கும் இங்கயே குடிசைல இருந்து 1993-ல இறந்தாரு. பீட் பேரு எல்லாருக்கும் தெரியுது, ஆனா எனக்கு மோன்ஷனென் வாழ்க்கைதான் பெருசா படுது. பலன் ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாதப்ப ஏழு வருசம் அதே இடத்துல செபம் பண்ணிட்டு இருந்தாரே, அதுக்கு எவ்ளோ தாழ்ச்சி வேணும். ஊழியம்னா கூட்டம் சேரணும்னு நெனைக்கற இந்தக் காலத்துல அவரப் பத்தி நாம அதிகமா பேசணும்.

செபம் ஒரு நாளைக்கு மூணு வேளை. காலைல சந்தனம், மதியம் குங்குமம், சாயங்காலம் விபூதி வைக்கறாங்க, வேதங்கள்ல இருந்தும் மாணிக்கவாசகர் மாதிரி நம்ம தமிழ் அடியார்கள் பாட்டுல இருந்தும் வாசிக்கறாங்க, ஆரத்தி உண்டு. இது சில கத்தோலிக்கர்களுக்கு ஒத்து வராது, தெரிஞ்சுக்கிட்டே போங்க. எனக்கு அது இடறலா இல்ல, அடுத்தவங்க கடவுளத் தேடின வழி முன்னாடி நாமளும் மரியாதையா உக்காந்து கேக்கறதும் தாழ்ச்சிதான்னு நான் முழுசா நம்பறேன். சாயங்காலம் அந்த விபூதிய நெத்தில வாங்கறப்ப தவக்காலம் தொடங்கற விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தில சாம்பல் பூசறப்ப கேக்கற "நீ மண்ணாய் இருக்கிறாய்" ஞாபகம் வராம இருக்காது. நமக்கு வருசத்துக்கு ஒரு நாள், அங்க தினமும்.

ரூம் சாப்பாடு பத்தி: சின்ன ரூம், தேவைக்கு மட்டும்தான் எல்லாம். சைவச் சாப்பாடு, தரையில உக்காந்து, பேச்சு இல்லாம. சாப்பிட்ட தட்ட நாமளே கழுவணும். முட்டி வலி இருக்கறவங்க முன்னாடியே சொன்னா உக்கார வேற வழி பண்ணித் தருவாங்க, கூச்சப்படாதீங்க.

யாரு போகலாம்னா, பங்குல பொறுப்புல இருக்கறவங்க, ஸ்கூல் காலேஜ் நடத்தறவங்க, மேடை ஏறிப் பேசறவங்க கண்டிப்பா போகணும். பஸ் பிடிச்சு குரூப்பா போனா இந்த அனுபவம் கிடைக்காது, கூட வந்தவங்களோடயே பேசிட்டு இருந்துடுவோம். தனியா போங்க. திருச்சில இருந்து கரூர் போற பஸ்ல ஏறினா குளித்தலை வழியாத்தான் போகும், ரயில்லயும் குளித்தலைல இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் உறுதி பண்ணிக்கோங்க, போனதும் காய் நறுக்கற நேரம் எப்பன்னு முதல்ல விசாரிச்சு வச்சுக்கோங்க.