மடக்கும் படுக்கை மேசை: ஆறு வாரம் வேலை பார்த்த பிறகு

படிக்கட்டில் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இந்த மேசை வந்தது அதனால்தான். படம் பார்க்க வாங்குபவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று மேலாளருக்கு அனுப்பிய முதல் மெயிலில் வலியைப் பற்றித்தான் எழுதினேன். “அப்படியானால் லீவு எடுத்துக்கொள்ளுங்களேன்” என்று பதில் வந்தது. தப்பு என்னுடையதுதான். வலி என்றால் யாரும் அதைத்தானே சொல்வார்கள்? எனக்கு உடைந்தது கால். கையும் தலையும் நன்றாகத்தான் இருந்தன. டாக்டரிடம் போய்க் கடிதத்தை மாற்றி வாங்கினேன். எலும்பின் பெயரெல்லாம் இல்லாமல் மூன்றே வரி: ஆறு வாரம் வலது காலை ஊன்றக்கூடாது, வீக்கம் குறையக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், சாய்ந்தபடி கணினி வேலை செய்யலாம். நான் பார்க்கக்கூடிய வேலைகளையும், பக்கத்து சீட்டுக்காரரிடம் விடவேண்டிய காகிதக் கோப்புகளையும் எழுதி, மூன்றாவது வாரம் மறுபடி பேசலாம் என்றும் சேர்த்தேன். அன்று மாலையே மேலாளரிடமிருந்து போன். “எல்லாம் சரி, படுத்துக்கொண்டு எப்படி டைப் அடிப்பீர்கள்?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மேசையை ஆர்டர் செய்தேன்.

சரி, மேசைக்கு வருகிறேன். கால்கள் ‘டக்’கென்று பூட்டிக்கொள்கின்றன, ஒருமுறைகூட மடங்கி விழவில்லை. போர்வைமேல் லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்று அடைபட்டுக் கொதிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. வலப்பக்கம் மவுஸுக்கென்று சாயாத சின்னப் பலகை ஒன்று இருக்கிறது. யோசித்தவர் கைக்கு ஒரு வளையல் போடலாம்.

உயரம்தான் வில்லன். அகலம், மேசையின் இரண்டு கால்களுக்கு நடுவே ஐம்பது சென்டிமீட்டர். சும்மா நீட்டிய கால்களுக்குத் தாராளம். ஆனால் வீக்கம் வடிய வேண்டுமானால் பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கி அதன்மேல் மாவுக்கட்டை வைத்தால் முழங்காலே பலகையில் இடிக்கிறது. கடைசியில் மேசையை வயிற்றுக்கு மேலே இழுத்து, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டேன். அதற்காகப் பலகையைச் சாய்த்தால் லேப்டாப் மெல்ல மடிக்கு வருகிறது. தடுக்க வைத்திருக்கும் விளிம்பு விரல் நகம் அளவுதான். வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை வெட்டி ஒட்டினேன். முன்விளிம்பு கூர். அரை மணி நேரத்தில் மணிக்கட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும், துண்டை மடித்துப் போட்டுத்தான் சமாளித்தேன். கோப்பை வைக்கக் குழி வேறு! சாய்ந்த பலகையில் அது எதற்கு?

ஆட்டமும் உண்டு. வீடியோ மீட்டிங்கில் நான் குறிப்பெடுக்க ஆரம்பித்தாலே என் முகம் குலுங்கும். “அங்கே நிலநடுக்கமா?” என்று மேலாளர் கேட்டார். அப்புறம் கேமராவை அணைத்துவிட்டுத்தான் டைப் அடிப்பேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த அரை மவுஸ் பலகைக்கு. வாங்குமுன் கட்டுப் போட்ட காலைத் தலையணையோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.