பைசைக்கிள் ரைடர் பேக் சீட்டுக்கட்டு: 304, 28 ஆட ஏற்றதா?

ரம்மிக்கு எந்தக் கட்டு கிடைத்தாலும் ஆடிவிடலாம். 304, 28 என்ற சீட்டாட்டங்கள் அப்படி இல்லை, அவற்றில் ஜாக்கிதான் தலைச்சீட்டு. 304-ல் ஜாக்கிக்கு 30 புள்ளி, 9-க்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. அதனால் இந்த ஆட்டங்களுக்குக் கட்டு வாங்குகிறவர் முதலில் அதன் நான்கு ஜாக்கிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பைசைக்கிள் அமெரிக்கக் கட்டு. 1885-ல் தொடங்கிய பெயர், ரைடர் பேக் முதுகு 1887-லிருந்து வருகிறது. அகலம் 63.5 மி.மீ., உயரம் 88.9 மி.மீ. கையில் எட்டுச் சீட்டுதான் என்பதால் இந்த அகலம் இடைஞ்சல் தராது. பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்கும் ரம்மிக்காரர்களுக்கு 57 மி.மீ. பிரிட்ஜ் அளவே வசதி.

மூலை எழுத்து தெளிவு. ஆனால் இரண்டு மூலையில்தான் அச்சிட்டிருக்கிறார்கள். சீட்டை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விரிக்கும் இடதுகைக்காரருக்கு எழுத்து மறைந்துவிடும். அவர்கள் நான்கு மூலையிலும் எழுத்துள்ள கட்டைத் தேடுவது நல்லது.

மங்கிய வெளிச்சத்தில் ஆட்டினையும் டைமனையும் மாற்றிப் பார்ப்பது எல்லாக் கட்டிலும் நடக்கும். ஜாக்கி மட்டும் தப்பித்துக்கொள்கிறது. ஆட்டின் ஜாக்கி பக்கவாட்டு முகம், ஒரு கண்தான் தெரியும். டைமன் ஜாக்கிக்கு இரண்டு கண். கறுப்பிலும் அதே கதை: இஸ்பேட் ஜாக்கி ஒற்றைக்கண், கிளாவருக்கு இரண்டும் உண்டு. இந்த ஆங்கிலப் படவரிசையைச் சரியாகப் பின்பற்றிய எந்தக் கட்டிலும் இந்த அடையாளம் செல்லும். படத்தை இஷ்டத்துக்கு மாற்றி வரையும் அலங்காரக் கட்டுகளில் செல்லாது, விலை எவ்வளவு இருந்தாலும் அவை 304-க்கு உதவாது.

மூலையில் இருக்கும் 'ஜே'யும் வசதிக்காக வந்ததுதான். இங்கிலாந்தில் இந்தச் சீட்டின் பழைய பெயர் நேவ், அதாவது பணியாள் பையன். பிறகு போக்கிரி என்ற பொருளும் ஏறிக்கொண்டது. ஜாக் என்பது ஆல் ஃபோர்ஸ் என்ற ஆட்டத்தில் துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) நேவுக்கு வைத்த பெயர், கனவான்கள் வாயில் வராத சொல். 19-ஆம் நூற்றாண்டில் மூலையில் எழுத்துப் போடத் தொடங்கியதும் நேவின் 'கேஎன்', ராஜாவின் 'கே'யோடு குழம்பியது. 304-ல் அந்தக் குழப்பம் 27 புள்ளி. 'ஜே' நிலைத்தது. ஆனால் 1782-ல் அச்சான குழந்தைப் பாட்டில் ஆட்டின் ராணியின் இனிப்புப் பண்டத்தைத் திருடியவன் இன்றும் நேவ்தான். ஜாக் அண்ட் ஜில்லில் வரும் ஜாக்குக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை. அது சாதாரணப் பையன் பெயர், நம்மூர் முனியன் மாதிரி.

தாளுக்கு வருவோம். முகப்பில் நுண்ணிய குழிகள் அழுத்தியிருப்பதால் புதுக்கட்டு கையில் வழுக்கிக்கொண்டு ஓடும், பங்கிடும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு வராது. ஆனால் இது காகிதம். வியர்வையையும் கடற்கரை ஊரின் ஈரக்காற்றையும் உறிஞ்சி வளையும், பிறகு கலைக்கும்போது கொத்தாக நிற்கும். முதுகின் வெள்ளை ஓரம் சீக்கிரம் அழுக்கேறும். ஈரத்துணி போடாதீர்கள், காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, கனமான புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க வைத்தால் ஓரளவு நிமிரும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, விளிம்பில் பள்ளம் விழும்.

இந்த ஆட்டங்களுக்கே உரிய பெரிய சிக்கல் வேறு. 52-ல் 32 சீட்டுதான் ஆட்டத்தில் இருக்கும், 2 முதல் 6 வரை இருபதும் சும்மா கிடக்கும். 32-ம் தேய்ந்த பிறகு அந்த இருபது எதற்கும் உதவாது. அதிலும் ஏலம் கேட்டவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கும்போது தொடையடியிலோ பாயடியிலோ செருகும் பழக்கம் இருந்தால் ஜாக்கியும் 9-ம்தான் முதலில் மூலை மடங்கும். மடங்கிய ஜாக்கியை முதுகிலேயே கண்டுபிடித்துவிடலாம், அதன்பின் ஆட்டமில்லை. துருப்பைச் சமதளத்தில், ஒதுக்கிய இருபதில் ஒன்றை மேலே மூடி வையுங்கள்.

தினம் ஆடும் இடத்துக்கு முழு பி.வி.சி. (பிளாஸ்டிக்) கட்டே சரி, ஈரத்துணியால் துடைக்கலாம். 'பிளாஸ்டிக் கோட்டட்' என்று எழுதியிருப்பது பூச்சுப் போட்ட காகிதம், ஏமாற வேண்டாம். மூலையை மடக்கி விட்டால் காகிதத்தில் வெள்ளைக் கோடு நிற்கும்.

ஐரோப்பாவில் கட்டு வாங்கும் நம்மவர்கள் மூலையைப் பார்த்து வாங்குங்கள். பிரெஞ்சுக் கட்டில் 'வி' ஜாக்கி, டச்சுக் கட்டில் அதே 'வி' ராணி. டச்சிலும் ஜெர்மனிலும் ஜாக்கிக்கு 'பி', ஸ்வீடனில் இன்னமும் 'கேஎன்'. இரண்டு நாட்டுக் கட்டைக் கலந்து குறைச் சீட்டை நிரப்பாதீர்கள். பைசைக்கிள் ஆங்கில எழுத்துக் கட்டு என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வார இறுதியில் மட்டும் கூடும் நால்வருக்கு, மேசைமேல் ஆடினால், இதைத் தாராளமாக வாங்கலாம்.