பெட்ரோல் எஞ்சினில் விடிஜி டர்போ: 7 வருடம், 1,18,000 கிலோமீட்டர்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரியான ஊர். நகரம் அடியில், சுற்றிலும் மேடு. என் அலுவலகம் கீழே, வீடு மேலே டெகர்லோக்கில். அதனால் தினமும் சாயங்காலம் நொய வைன்ஷ்டைக சாலையில் ஏறித்தான் வீடு வந்து சேர வேண்டும். வளைந்து வளைந்து போகும் ஏற்றம், முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நின்று நின்று நகரும் கூட்டம். டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள எஞ்சின் எப்போது மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

2018-இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இது. 1.5 டிஎஸ்ஐ ப்ளூமோஷன், 130 குதிரைத்திறன், தானே கியர் மாற்றும் 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி. பெட்ரோல் எஞ்சினாக இருந்தும் டர்போவில் அசையும் தகடுகள் உண்டு, அதற்குப் பெயர்தான் விடிஜி என்று படித்ததும் முதலில் தயங்கினேன். காரணம் அதற்கு முன் வைத்திருந்த டீசல் கார். குறுகிய நகர ஓட்டமே அதிகம் என்பதால், அதன் டர்போ தகடுகளில் கரி படிந்து, ஒரு குளிர்காலத்தில் அப்படியே இறுகிவிட்டன. கழற்றிச் சுத்தம் செய்ய ஆன செலவு இன்னும் நினைவிருக்கிறது.

தகடுகளின் வேலை எளிது. டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைச் சுற்றி வட்டமாக நிற்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவாகத்தான் வரும். அப்போது தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே கதை. வேகம் கூடினால் தகடுகள் விரிந்து வழி விடும். டீசலில் தொண்ணூறுகளிலேயே இது வந்துவிட்டது. பெட்ரோலில் தடையாக நின்றது சூடு. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை நூறு, இருநூறு டிகிரி அதிகம் கொதிக்கும். அந்தச் சூட்டில் மெல்லிய தகடும் அதன் அச்சும் சிக்காமல் அசைய வேண்டும். 1989-இல் அமெரிக்காவில் இத்தகைய தகடுகளோடு ஷெல்பி சிஎஸ்எக்ஸ்-விஎன்டி என்று 500 பெட்ரோல் கார்கள் வந்ததோடு சரி. 2006-இல் போர்ஷே தன் 911 டர்போவில் போர்க்வார்னர் நிறுவனத்தின் விடிஜியைப் பொருத்தியபோது 1,000 டிகிரியைத் தாங்கும் உலோகங்கள் தேவைப்பட்டன. சாதாரணக் காருக்கு அந்த விலை கட்டாது.

கோல்ஃபில் வேறு வழி பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டர்போவை மட்டும் மாற்றாமல், எஞ்சினையே அதற்கு ஏற்ப மாற்றினார்கள். பிஸ்டன் கீழே போய்ச் சேரும் முன்பே காற்று வால்வை மூடிவிடுவது மில்லர் முறை. அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 12.5. புகையின் சூடு 880 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது, தகடுகளும் பிழைக்கின்றன. ஆனால் வால்வு சீக்கிரம் மூடுவதால் உள்ளே போகும் காற்று குறையும். அந்தக் குறையை அழுத்தத்தால் ஈடுகட்ட, தாழ்ந்த வேகத்திலேயே விழித்துக்கொள்ளும் டர்போ வேண்டும். அதைத் தருவது தகடுகள். ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

ஓட்டும்போது இது நன்றாகவே தெரிகிறது. 200 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் இழுவை) 1,400 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால், ஏற்றத்திலும் டிஎஸ்ஜி பதறிப்போய்க் கியரைக் குறைப்பதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி இழுக்கிறது. டர்போ விழிக்கும் வரை காத்திருக்கும் அந்த ஒரு நொடி வெறுமை இல்லை. ஆட்டோபான் என்னும் விரைவுச்சாலையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 130 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் எஞ்சினே அணைந்து வண்டி மிதந்து போகும். பம்புக்குப் பம்பு நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். உல்ம் போகும் ஏ8 சாலையில் மலை ஏறும்போது, 120-க்கு மேல் இன்னும் வேகம் கேட்டால் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேகப் பிரியர்களுக்கான எஞ்சின் இது இல்லை.

72,000 கிலோமீட்டரில் ஒரு காலை எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இழுவை போய்விட்டது. எனக்கு உடனே பழைய டீசல்தான் ஞாபகம் வந்தது. முதலில் போன பட்டறையில் கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, டர்போ ஆக்சுவேட்டர் (தகடுகளை அசைக்கும் மோட்டார்) பிழை, முழு டர்போவையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு கேட்காமல் இன்னொருவரிடம் காட்டினேன். அவர் கை விளக்கோடு குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார். ஆக்சுவேட்டருக்குப் போகும் ஒயரை மார்டர் கடித்திருந்தது. நம்மூர் மரநாய் சாயலில் இருக்கும் சிறு விலங்கு. ராத்திரியில் எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்து, ரப்பரையும் ஒயரையும் கடிக்கும். ஜெர்மனியில் இதற்குக் காப்பீடே உண்டு. ஒயரை மாற்றியதோடு முடிந்தது, தகடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழை எண் ஆக்சுவேட்டரைக் காட்டினால், டர்போவைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள்.

30,000 கிலோமீட்டர் வரை விட்டுவைக்கும் நீண்ட சர்வீஸ் முறை இருந்தாலும், நான் 15,000-க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறேன். 0டபிள்யூ-20, ஃபோக்ஸ்வாகன் 508 00 தரம், வேறெதுவும் இல்லை. ஆட்டோபானில் நெடுநேரம் விரட்டி வந்தால், கடைசி சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிட்டே நிறுத்துவேன்.

பழைய டீசல் காரின் டர்போவைப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டினால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மாட்டலாம், சில நாள் அருமையாக இழுக்கவும் செய்யும். ஆனால் அந்தத் தகடுகள் டீசல் சூட்டுக்குச் செய்தவை. எண்ணூறு சொச்சம் டிகிரிக்குப் பழகியதை 950-இல் விட்டால் வளையும், இறுகும். புகைச் சூட்டை அளக்கும் கருவியும், எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் ஆளும் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

2022-இல் வந்த, இதே எஞ்சினின் அடுத்த வடிவமான எவோ2-வில் 150 குதிரைத்திறன் வகைக்கும் விடிஜி கொடுத்துவிட்டார்கள். மச்சான் வாங்கியிருக்கிறார். போன மாதம் அதை நொய வைன்ஷ்டைகவில் ஏற்றிப் பார்த்தேன். அடியில் அதே இழுவை, மேலே என் கோல்ஃபில் இல்லாத தெம்பு.