ஏர்பிரஷ் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளாஸ்டிக் மாடல்களுக்கு வண்ணம் அடிப்பதற்காக டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைச் சாரலாகத் தெளிக்கும், பேனா போன்ற கருவி) ஒன்றும் அதற்குக் காற்று தரும் சிறிய கம்ப்ரசர் ஒன்றும், கூடவே இரண்டு நாள் பயிற்சியும் சேர்த்து 14,500 ரூபாய்க்குச் சென்னையில் ஒருவரிடம் வாங்கினேன். அதன்பின் ஏறத்தாழ நான்கு மாதம், எனக்குக் கை வரவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கோளாறு கருவியில் இருந்தது என்பதும், அந்தக் கருவியே போலி என்பதும் பிறகுதான் தெரிந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆனால் அவர் என்னை ஏமாற்றிய விதம் யாராலும் எளிதில் செய்யக்கூடியது என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளாக நான் தூரிகையால்தான் வேலை செய்துவந்தேன். டாமியா நிறுவனத்தின் 1/48 அளவு மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 இ-3 (ஜெர்மன் போர் விமானம்) மாடல் கிட்டை வாங்கியபோதுதான் தூரிகை போதாது என்று தோன்றியது. 1940ஆம் ஆண்டு வாக்கில் அந்த விமானங்கள் பலவற்றின் பக்கவாட்டில், வெளிர்நீலத்தின் மேல் சாம்பல் கலந்த பச்சைத் திட்டுகள் ஓரம் கலங்கி, புகை படிந்ததுபோல் இருக்கும். அதைத் தூரிகையால் வைத்தால் அம்மைத் தழும்பு போலத்தான் வரும். டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் அதற்கென்றே அமைந்த கருவி. விசையைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி, நாசிலின் (முனைக் குழலின்) வாய் திறந்து வண்ணம் வரும். இழுக்கும் அளவுக்கு ஏற்ப, ஒரே விரலசைவில் மயிரிழைக் கோடும் அடிக்கலாம், கட்டைவிரல் அகலத் திட்டும் அடிக்கலாம்.

பெட்டியின் மேல் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. அந்தக் கருவிக்கு நான் விசாரித்து வைத்திருந்த விலையில் பாதிதான் சொன்னார். பில் கேட்டபோது, “கையில கொண்டுவந்த சரக்கு சார், பில் போட்டா இந்த ரேட்டுக்குக் கட்டாது” என்றார். மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதை மறைப்பதில் பொருளில்லை.

பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்திருந்தோம். முதல் நாள் முழுவதும் அவர் தம் சொந்த ஏர்பிரஷில் அடித்துக் காட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். இரண்டாம் நாள் ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. அந்தக் கால் மணி நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது, கம்ப்ரசரில் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து, விசையைக் கடைசிவரை இழுத்துவிட்டு, கையை வேகமாக நகர்த்துவது. சுவருக்கு ஸ்ப்ரே அடிப்பதற்கு அது சரி. இரண்டு அசைவுகளைத் தனித்தனியாகப் பழகுவதுதான் இந்தக் கருவியின் உயிர். அதை அவர் தொடவே இல்லை. காற்றை முதலில் திறக்க வேண்டும், வண்ணத்தைப் பிறகு. முடிக்கும்போது வண்ணத்தை முதலில் மூட வேண்டும், காற்றைக் கடைசியில். இந்த வரிசை தவறினால் ஊசி முனையில் வண்ணம் தங்கிவிடும், அடுத்த அழுத்தலில் அது துளியாகத் தெறிக்கும். இந்த ஒன்றைக்கூட எங்களில் யாருக்கும் அவர் சொல்லவில்லை.

வீட்டில் அடித்தபோது முதல் வாரத்திலிருந்தே ஏர்பிரஷின் கப்பில் ஊற்றியிருந்த வண்ணம் கொதிப்பதுபோல் குமிழி விட்டது. கோடு நேராக வராமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சீராக வந்துகொண்டிருந்த வண்ணம் திடீரென்று விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொன்றையும் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னரைப் பற்றி ஒருமுறை “இன்னும் தின்னர் சேருங்க” என்று பதில் வரும், மறுமுறை “தின்னர் அதிகமாயிடுச்சு” என்று வரும். இன்னொரு நாள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், லாக்கர் வண்ணங்களுக்கான காரமான என்.சி. தின்னரை ஊற்றிக் கருவியை இரவெல்லாம் ஊறவைக்கச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினார். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரே வரிதான்: “ப்ராக்டிஸ் பத்தல சார்.” புதிதாகப் பழகுபவனுக்குத் தன் தவறு எது, கருவியின் தவறு எது என்று பிரித்தறியத் தெரியாது. அவருடைய வியாபாரம் முழுவதும் அந்த அறியாமையின் மேல்தான் நடக்கிறது.

பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் மாடல் நண்பர்களில் உண்டு. என் மெஸ்ஸர்ஷ்மிட்டின் இடப்பக்கத்தைப் பார்த்தவர் எதுவும் பேசாமல் ஏர்பிரஷைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியின் மேல் பரப்பினார். ஊசியைச் சாய்த்து, உருட்டியபடியே நகத்தின் மேல் மெல்ல இழுத்தார்; ஓரிடத்தில் அது சுரண்டியது, முனை வளைந்திருந்தது. நாசிலை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸில் காட்டினார். 0.3 மில்லிமீட்டர் வாயின் ஓரத்தில் முடிபோல ஒரு விரிசல். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே புகுந்து கப்பில் குமிழியாக வந்திருக்கிறது. உள்ளிருந்த ரப்பர் ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) என்.சி. தின்னரில் ஊறி உப்பிப்போயிருந்தன. நல்ல கருவியில் ஊசியைச் சுற்றி டெஃப்லான் சீல் இருக்கும், தின்னர் அதை ஒன்றும் செய்யாது. தம்மிடமிருந்த அசல் நாசில் ஒன்றை என்னுடையதில் திருகிப் பார்த்தார். மரை ஏறவே இல்லை. “தம்பி, உங்க கையில ஒரு குத்தமும் இல்ல. பேரை மட்டும் நல்லா பொறிச்சிருக்கான்” என்றார்.

பிறகு தம் ஏர்பிரஷை என் கையில் கொடுத்தார். டாமியா அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்குக்கு அதற்குரிய தின்னர் இரண்டு பங்கு, காற்று 12 பிஎஸ்ஐ, தாளுக்கும் முனைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. வரிசையாகப் புள்ளி வைக்கச் சொன்னார். பிறகு புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கவும், தடித்துத் தொடங்கி முடியாய் மெலியும் கோடு போடவும் சொன்னார். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. நான்கு மாதம் வராதது பத்து நிமிடத்தில் வந்ததைப் பார்த்தபோது மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

ஆகவே, வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே கப்பில் தண்ணீர் ஊற்றி அடித்துக்காட்டச் சொல்லுங்கள். விசையை அழுத்தாதபோது காற்று கசியக் கூடாது. அழுத்திமட்டும் பிடித்திருக்கும்போது தண்ணீர் வரக் கூடாது. மெல்ல இழுக்கும்போது சாரல் நூலாகத் தொடங்கிப் படிப்படியாக விரிய வேண்டும். கப்பில் குமிழி தெரிந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஊசியை உங்கள் கண் முன்னே கழற்றிக் காட்டவும், அதே மாடலுக்கான உதிரி நாசிலை எடுத்துத் திருகிக் காட்டவும் சொல்லுங்கள். போலி விற்பவர் உதிரி பாகம் வைத்திருக்க மாட்டார், என்னிடம் விற்றவரிடமும் இருக்கவில்லை. கம்ப்ரசரில் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் நீர் வடிப்பானும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சென்னையின் காற்றில் உள்ள ஈரத்துக்கு நீர் வடிப்பான் இல்லாமல் அடித்தால், குழாயில் சேரும் தண்ணீர் என்றாவது ஒருநாள் வண்ணத்தின் நடுவே தெறிக்கும். பயிற்சி என்றால், எத்தனை பேர், எத்தனை ஏர்பிரஷ், உங்கள் கையில் எத்தனை மணி நேரம் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில் இல்லாவிட்டாலும் புகார் செய்ய வழியுண்டு. யுபிஐ பரிவர்த்தனைப் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். விற்றவர் முதலில் புது ஊசி ஒன்று தருவதாகச் சொன்னார், பிறகு 3,000 ரூபாய்க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டையும் மறுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அவருடைய இப்போதைய வாதம், நான் என்.சி. தின்னர் ஊற்றிக் கருவியை நானே கெடுத்துக்கொண்டேன் என்பது. ஊற்றச் சொல்லி அவர் அனுப்பிய 38 விநாடிக் குரல் செய்தி என் போனில் இன்னும் அப்படியே இருக்கிறது.