ரெய்டு மறுவடிவமைப்பு ஊர்கிறதா? வேக வரம்பு, ஸ்டிரைப் கேஷ், வட்டு: எதில் முதலில் கை வைப்பது?

நான்கு 4 டிபி வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) ஐந்தாவது வட்டைச் சேர்க்கிறீர்கள். தரவை எல்லா வட்டுகளிலும் மறுபடி பரப்பும் மறுவடிவமைப்பு தொடங்குகிறது; அதன் நிலவரத்தைக் காட்டும் லினக்ஸ் கோப்பான எம்டிஸ்டாட்டைப் பார்க்கிறீர்கள். வேகம் விநாடிக்கு 6,800 கிலோபைட்; முடிய 9,500 நிமிடங்களுக்கு மேல் ஆகுமாம். அதாவது ஆறரை நாள்.

பதற்றத்தில் பலரும் முதலில் மாற்றுவது வேக வரம்பை. லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இயல்பான கீழ்வரம்பு விநாடிக்கு 1,000, மேல்வரம்பு 200,000 கிலோபைட். 6,800-இல் தவழும் வேலைக்கு மேல்வரம்பை உயர்த்துவது, நொண்டும் மாட்டுக்காகச் சாலையை அகலப்படுத்துவதுதான். கீழ்வரம்பு அப்படியல்ல. தொகுப்பை வேறு நிரல்களும் பயன்படுத்தினால் கர்னல் அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும். கீழ்வரம்பை 50,000 ஆக்கினால் அவ்வளவு எளிதில் ஒதுங்காது. சும்மா கிடக்கும் தொகுப்பில் இதனால் ஒரு பயனும் இல்லை.

என் ஓட்டு ஸ்டிரைப் கேஷுக்கு, அதாவது வட்டுகளுக்குப் போய்வரும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பகுதிக்கு. இயல்பான அளவு வட்டுக்கு 256 பக்கங்கள் (ஒரு பக்கம் 4 கேபி). ரெய்டு 5, 6 தொகுப்புகளுக்கு இது மிகச் சிறியது. 8192 ஆக்கினால் ஒவ்வொரு வட்டுக்கும் 32 எம்பி வீதம், ஐந்து வட்டுக்கு 160 எம்பி நினைவகம் போகும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். பலன் இருந்தால் எம்டிஸ்டாட்டில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கணினியை மறுபடி துவக்கினால் பழைய 256-க்கே திரும்பிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பலன் தெரியவில்லையா? ஒவ்வொரு வட்டும் எவ்வளவு வேலையாக இருக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். நான்கு வட்டுகள் 15 சதவீதத்தில் சோம்பியிருக்க, ஒன்று மட்டும் 100-இல் மூச்சுமுட்டினால் குற்றவாளி அதுதான். வட்டு தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் நிலுவைச் செக்டார்கள் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) ஏறியிருக்கலாம். அல்லது அது எஸ்எம்ஆர் வட்டாக (தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் வகை) இருக்கலாம்: தொடக்கத்தில் பறக்கும், உள் கேஷ் நிரம்பியதும் படுத்துவிடும். அதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை.

வட்டு எண்ணிக்கை மாறாமல் சங்க் அளவை (ஒவ்வொரு வட்டிலும் ஒரே மூச்சில் எழுதப்படும் துண்டின் அளவு) மட்டும் மாற்றுகிறவர் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியும் முதலில் காப்புக் கோப்பில் எழுதப்பட்டு, பிறகே தன் இடத்துக்குப் போகும். மெதுவாக நடப்பது இயல்பு. அந்தக் கோப்பைத் தொகுப்புக்கு வெளியே ஓர் எஸ்எஸ்டியில் வைத்தால் ஓரளவு தேறும். சோதித்துப் பார்த்த காப்புப்பிரதி கையில் இருந்தால், நான் தொகுப்பையே கலைத்துப் புதிதாக அமைத்துத் தரவை மீட்டெடுப்பேன்.

காப்புப்பிரதி இல்லாதவர் காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் மின்சாரம் போனாலும் எட்டிய இடம் சூப்பர்பிளாக்கில் (தொகுப்பின் விவரங்களை வட்டுகளிலேயே வைத்திருக்கும் பகுதி) பதிவாகியிருக்கும். ஆனால் தொடர்வதற்கு அந்தக் காப்புக் கோப்பும் வேண்டும். மறுதுவக்கத்தில் துடைக்கப்படும் தற்காலிக அடைவில் அதை வைத்திருந்தால், தொகுப்பு எழுந்திருக்கவே மறுக்கும்.