பதின்மூவர் லீக்கா, எழுவர் றக்பியா?

றக்பியைத் தொழிலாக்க எண்ணும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. பதின்மூவர் ஆடும் றக்பி லீக்கில், ஆறு தடவை மடக்கிப் பிடிக்கப்பட்ட அணி பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே மோதலைத் தாங்கும் உடற்கட்டே முதன்மையானது. எழுவர் ஆட்டத்தின் ஒரு பாதி 7 நிமிடங்களே. முழு மைதானத்தையும் எழுவரே காக்க வேண்டியிருப்பதால் வேகமே அதன் உயிர்.

ஊதியத்தைப் பார்த்தால் தட்டு லீக்கின் பக்கமே தாழும். 2018இல் 4 அணிகளுடன் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய பெண்கள் தேசிய லீக், 2025இல் 12 அணிகளாக வளர்ந்தது. ஆயினும் பருவம் சில மாதங்களே நீடிக்கும். எழுவர் ஆட்டத்திலோ பெண்களுக்கு 2016 முதல் ஒலிம்பிக் வாய்ப்பு உண்டு, இலங்கைக்கும் பெண்கள் அணி உண்டு. ஆனால் உள்நாட்டில் முப்படை அணிகளின் வழியே முன்னேறுவது, எங்கள் வீடுகளில் இலகுவாகப் பேசி முடிக்கக்கூடிய விடயமன்று.

என் தெரிவு, எழுவர் ஆட்டத்தில் தொடங்குவதே. 2016 றியோ ஒலிம்பிக்கில் எழுவர் ஆட்டத்தில் தங்கம் வென்ற அவுஸ்திரேலிய அணியின் எவானியா பெலிட்டே, பின்னர் லீக்குக்கு மாறி கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் அணிக்கு ஆடினார். தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வலைப்பந்தாட்டம் பழகிய பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கும் கை ஏற்கெனவே உண்டு. ஆனால் எந்த வடிவமாயினும் றக்பியில் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது; வலைப்பந்தாட்டத்தின் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.